எந்திரம் வாங்கப் பணம் உண்டு, மெம்பிரேன் மாற்ற இல்லையாம்: எங்கள் ஊர் ஐந்து ரூபாய்த் தண்ணீர்

பெரும்பாலைக்காரன் | ஞாயிறு, இரவு 8.40

எங்கள் ஊர்க் கோயிலுக்கு எதிரே நீல நிறத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. உள்ளே தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. எந்திரம். ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் 20 லிட்டர் வரும். திறப்பு விழாவுக்கு எங்கள் தெருவில் மட்டும் மூன்று ஃபிளெக்ஸ் கட்டினார்கள். பதினான்கு மாதம் ஓடியது. இப்போது நாணயம் போடும் துளைக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. மிகைப்படுத்தவில்லை, பக்கத்தில் போய்க் காதை வைத்தால் ரீங்காரம் கேட்கும்.

புகார் சொல்ல இதை எழுதவில்லை. புகார் நான்கு கொடுத்தாகிவிட்டது, நான்குக்கும் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. எனக்கு ஒரு கணக்குதான் புரியவில்லை. எந்திரம், கொட்டகை, போர், மோட்டார் எல்லாம் சேர்த்துப் பல லட்சம் ஆகியிருக்கும். பழுதானது மெம்பிரேன், உள்ளே உப்பை வடிக்கும் சவ்வு. எந்திரம் போட்ட ஆளே போனில் சொன்னார்: அதை மாற்றினால் மறுநாளே ஓடும், மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஊராட்சியில் கேட்டால், "அதற்குத் தலைப்பு இல்லை" என்கிறார்கள். தலைப்பு என்றால் என்ன? பணம் பணம்தானே?

அவசரம் ஏன் என்றால், மகளுக்கு ஆறு வயது. பால் பல் விழுந்து முன்பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம், அது பல்லில் கறையாகப் படியும். நான் சிரித்தாலே "தர்மபுரிப் பக்கமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவளிடம் அப்படி யாரும் கேட்கக் கூடாது.

சிப்காட்_ஷிப்டு | 9.05

அண்ணா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் இது தீர்க்கவே முடியாத சிக்கல் அல்ல. நான் ஓசூரில் வேலை செய்யும் இடத்தில் ஒரு பம்ப் நின்றால் மூன்று நிமிடத்துக்குள் மேற்பார்வையாளர் கைபேசிக்குச் செய்தி போய்விடும். சென்சார் ஒன்றும் தங்கத்தில் செய்வதில்லை. ஒவ்வொரு ஊர் எந்திரத்திலும் ஒன்றைப் பொருத்தி, எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரே திரையில் பார்க்கலாம். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறோம், கெலமங்கலம் பக்கம் கைபேசிப் பாகம் செய்கிறோம். நம் ஊர்த் தண்ணீரைக் கண்காணிக்க நம்மால் முடியாதா?

பெரும்பாலைக்காரன் | 9.11

தம்பி, எந்திரம் நிற்கிறது என்பது குளவிக்கே தெரியும். தெரியாததால் அது நிற்கவில்லை.

மாம்பழக்_கணக்கு | 9.48

"தலைப்பு" என்றால் என்ன என்று கேட்டீர்கள். கிருஷ்ணகிரியில் பதினோரு வருடம் ஊராட்சிக் கணக்குகளோடு மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்தப் பணம் இந்தச் செலவுக்கு என்று பிரித்து வைத்திருக்கும் கணக்குப் பிரிவுதான் தலைப்பு. ஊராட்சிக்கு வரும் பணம் ஒரே உண்டியலில் விழுவதில்லை. மத்திய நிதிக்குழு மானியம் ஒரு பக்கம். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கு வகுத்த விதிப்படி அதில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும். மீதி 40 சதவீதம் ஊர் விருப்பம். ஆனால் அதிலிருந்து சம்பளமோ நிர்வாகச் செலவோ கொடுக்கக் கூடாது. மாநில நிதிக்குழு மானியம் இன்னொரு பக்கம். மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதற்கும் ஊராட்சியில் தனியாக இரண்டாம் எண் கணக்கு உண்டு. சிறிய ஊராட்சியில் அந்தக் கட்டணங்களைக் கட்டி முடித்தாலே மூச்சு வாங்கும்.

ஆக, எந்திரம் வாங்கலாம், அது சொத்து. பதிவேட்டில் ஏறும், புகைப்படம் எடுக்கலாம், தணிக்கையில் காட்டலாம். அதை இயக்கும் ஆளுக்குச் சம்பளம் தருவது செலவு; செலவுக்குப் புகைப்படம் கிடையாது. மெம்பிரேன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உண்மையில் கட்டுண்ட நிதியிலிருந்து குடிநீர்ப் பராமரிப்பு என்று அதை வாங்கலாம். தடையில்லை. தீர்மானம் போட்டு, மதிப்பீடு வாங்கி, கையெழுத்துப் போட ஒருவர் துணிய வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனது. ஏற்கெனவே ஒன்றியம் முழுவதையும் சுமக்கும் அதிகாரிக்கு உங்கள் ஊர்க் குளவியைப் பற்றி யோசிக்க நேரம் இருந்திருக்குமா?

பெரும்பாலைக்காரன் | 10.02

வாங்கலாம் என்றா சொல்கிறீர்கள்? எங்களிடம் முடியவே முடியாது என்றார்களே.

மாம்பழக்_கணக்கு | 10.04

"முடியாது" என்பது அலுவலக மொழியில் "நான் மாட்டேன்" என்பதன் மரியாதைப் பன்மை.

பாலக்கோடு_கேன் | 10.30

நான் கேன் தண்ணீர் வியாபாரி. எல்லாரும் என்னைத் திட்டுவதற்கு முன்னால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து ரூபாய்க்கு 20 லிட்டர் என்பது எந்திரம் ஓடும் விலை அல்ல, திறப்பு விழா விலை. பெரும்பாலைக்காரர் ஊரில் நூற்றைம்பது வீடு என்று வையுங்கள். பாதிப் பேர்கூடத் தினம் வர மாட்டார்கள். அறுபது கேன் போனால் முந்நூறு ரூபாய். மாதம் ஒன்பதாயிரம். கொட்டகையில் காலையும் மாலையும் ஒருவர் உட்கார வேண்டும், அவர் சம்பளத்திலேயே அது தீர்ந்துவிடும். கரண்ட் பில், மாதாமாதம் மாற்றும் வடிகட்டி, உப்புப் படியாமல் இருக்க விடும் மருந்து, இதெல்லாம் யார் தலையில்? என் கடையில் கேன் முப்பது ரூபாய். அதில் எனக்கு நிற்பது கொஞ்சம்தான், ஆனால் மெம்பிரேனுக்கு என்று ஒவ்வொரு கேனிலும் ஒரு ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். சிரிக்காதீர்கள், அந்தப் பாட்டில்தான் என் பராமரிப்பு நிதி. ஊராட்சியிடம் அந்தப் பாட்டில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. நான் நூறு லிட்டர் எடுத்தால் நல்ல தண்ணீர் ஐம்பதுதான் கிடைக்கும். மீதி ஐம்பதில் உப்பும் ஃப்ளூரைடும் இரட்டிப்பாக இருக்கும். அது சாக்கடைக்குப் போகிறது, சாக்கடையிலிருந்து மண்ணுக்கு. ஊருக்கு ஊர் ஆர்.ஓ. வைத்தால் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் வாய் திறந்ததில்லை.

பழைய_பொறியாளர் | திங்கள், காலை 6.15

வயதாகிவிட்டதால் விடியற்காலையில்தான் கை ஓடுகிறது. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படை. நம் பகுதியில் ஃப்ளூரைடு எந்தத் தொழிற்சாலையும் கொட்டியது அல்ல. பாறையிலேயே இருக்கிறது. மழைநீர் பாறை இடுக்கில் நெடுநாள் தங்கும்போது கரைந்து வருகிறது. மேற்பரப்புக் கிணற்றில் குறைவு, ஆழ்துளையில் அதிகம். முப்பதடிக் கிணறு வற்றி எண்ணூறடி போர் போட்ட கதைதான் நம் எலும்புக்குள் ஏறிய ஃப்ளூரைடின் கதை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் போகும் என்று இன்றைக்கும் சிலர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகும், ஃப்ளூரைடு சட்டியில் தங்கும், அடர்த்தி கூடும்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரைடு பாதிப்புக் குறைப்பு என்பதும் இருக்கிறது. 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தின் எதிர்ப்பு, நிறுத்தம், மறுபடி தொடக்கம் எல்லாம் கடந்து 2013 மே மாதம் திறந்தார்கள். 1,928.80 கோடி ரூபாய். பெரும்பங்கு ஜப்பான் கடன். காவிரியில் எடுத்துச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, மடம் நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து இரண்டு மாவட்டத்துக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். மூன்று நகரம், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குக்கிராமம். பொறியியலாகப் பார்த்தால் பெருமைப்பட வேண்டிய வேலை. பள்ளத்தில் ஓடும் ஆற்றை மேட்டு நிலத்துக்கு ஏற்றிய வேலை அது, எளிதாக எண்ணிவிடாதீர்கள்.

ஆகவே பெரும்பாலைக்காரரிடம் என் கேள்வி: உங்கள் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா, இல்லையா? வந்தால் உங்களுக்கு ஆர்.ஓ. எதற்கு?

பெரும்பாலைக்காரன் | 7.50

வருகிறது ஐயா. மேல்நிலைத் தொட்டிக்கு வருகிறது. ஆனால் குழாயில் வரும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதனால்தான் ஆர்.ஓ. வந்தபோது சந்தோஷப்பட்டோம்.

பழைய_பொறியாளர் | 8.05

காவிரி உப்புக் கரிக்காது. தொட்டியில் போர்த் தண்ணீரைக் கலக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் போரில் ஃப்ளூரைடு 3 என்றும், ஆற்று நீரில் 0.4 என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.7. எல்லை தாண்டிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு போர் என்றால் 1.27, ஒப்பேற்றலாம். கால் பங்கு என்றால் 1.05. எத்தனையோ கோடி செலவிட்டு, எத்தனையோ கிலோமீட்டர் குழாய் பதித்து, கடைசியில் உங்கள் மகள் வாய்க்குள் எவ்வளவு ஃப்ளூரைடு போகிறது என்பதை முடிவு செய்வது தொட்டிக்கு அடியில் வால்வைத் திருப்பும் ஒரு மனிதரின் மணிக்கட்டு.

நாற்பது வருடம் இந்த வேலையில் இருந்தேன். அந்த மணிக்கட்டைப் பற்றி ஒரு கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசவில்லை.

தண்ணீர்க்காரர்_மகன் | 12.40

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். அந்த மணிக்கட்டு என் அப்பாவுடையது. உங்கள் ஊர் இல்லை, காரிமங்கலம் பக்கம். ஆனால் எல்லா ஊரிலும் கதை ஒன்றுதான்.

அப்பா தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுபவர். ஒகேனக்கல் தண்ணீர் இன்ன நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பார்கள், மேல்பக்கம் குழாய் உடைந்தால் நான்கு நாள்கூட ஆகும். வந்தாலும் தொட்டி பாதிதான் நிறையும். காலை ஆறரைக்கு மேட்டுத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பெயர் சொல்லி அல்ல, வேறு மாதிரி கூப்பிடுவார்கள். போர் மோட்டாரைப் போட்டுவிட்டால் யாரும் வரமாட்டார்கள். தண்ணீர் வந்தால் போதும், எந்தத் தண்ணீர் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஃப்ளூரைடுக்குச் சத்தம் கிடையாது, வெறும் குடத்துக்கு உண்டு.

அவருக்குச் சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வரும். பயிற்சி என்று ஒருநாளும் அழைத்ததில்லை. முழங்கால் மடங்காது, ஏணி ஏற நான்தான் போகிறேன். அவர் குடித்ததும் அதே தண்ணீர்.

சிப்காட்_ஷிப்டு | 1.10

தண்ணீர்க்காரர் மகன், உங்கள் அப்பாவைக் குறை சொல்வதற்காக இல்லை. ஆனால் இதைத்தானே நானும் சொல்கிறேன்? ஒகேனக்கல் தண்ணீர் எப்போது வரும் என்று முந்தின நாளே அவர் கைபேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தால் அவர் போர் போட வேண்டிய தேவை இருக்காதே. நீங்கள் எல்லாரும் தொழில்நுட்பத்தைக் கேலி செய்கிறீர்கள். தவறான இடத்தில் வைத்தால் அது கேலிக்குரியதுதான். சரியான இடத்தில் வைத்தால்?

பழைய_பொறியாளர் | 1.35

தம்பி, இதற்கு நான் தலைவணங்குகிறேன். எந்திரத்தில் வைக்கும் சென்சாரைவிட இந்த ஒரு செய்தி மேல். செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தச் செய்தியை அனுப்ப வேண்டியவருக்கே மேலே எப்போது பம்ப் ஓடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அரூர்_வாத்தியார் | மாலை 5.20

கதை தண்ணீரோடு முடியவில்லை. மாநிலம் முழுவதும் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம், என் வகுப்புப் பிள்ளைகள் சூரியக் குடும்பத்தைத் திரையில் பார்த்துக் கை தட்டியதை நான் மறக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு மலைப் பள்ளியில் இணைய இணைப்புக்கு மாதக் கட்டணம் கட்ட ஆசிரியர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போடுகிறார்கள். போடாத மாதம் திரைமேல் துணி.

கிருஷ்ணகிரி அணை நினைவிருக்கிறதா? 1950-களில் கட்டியது. 2017 நவம்பரில் முதல் மதகு உடைந்து தண்ணீர் வீணாக ஓடியது. அறுபது வருடம் ஏறி இறங்கிய இரும்பு. அது உடைந்த பிறகுதான் எட்டு மதகையும் மாற்ற வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது. புதிய அணைக்கு வாக்குக் கிடைக்கும், பழைய மதகுக்கு எண்ணெய் போட்டதற்கு யார் வாக்களிப்பார்கள்?

மஞ்சவாடி_காற்று | 6.02

எல்லாவற்றுக்கும் காரணம் இலவசம். மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2025-26 பட்ஜெட்டில் மட்டும் 13,807 கோடி ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தில் எத்தனை மெம்பிரேன் வாங்கலாம், எத்தனை தண்ணீர்க்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம், நீங்களே வகுத்துப் பாருங்கள். ஓசூருக்கு விமான நிலையம் வேறு. 2,000 ஏக்கர், வருடத்துக்கு மூன்று கோடிப் பயணிகள் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாதவன் எந்த விமானத்தில் ஏறப் போகிறான்?

ஐவரில்_ஒருத்தி | 6.31

அந்த ஆயிரம் ரூபாய்க்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24-ல் முதல்வர் தொடங்கிவைத்ததே நம் தொப்பூரில்தான். எனக்கும் வருகிறது. அது எங்கே போகிறது என்று கேட்கிறீர்களா? மாதம் பத்து கேன், முந்நூறு ரூபாய். பாலக்கோடு கேன் அண்ணன் பாட்டிலில் போடும் ஒரு ரூபாய் என் ரூபாய்தான். குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் அந்த முந்நூறு என் கையில் மிஞ்சும். பெண்களுக்குக் கொடுத்ததால் மெம்பிரேன் வாங்க முடியவில்லை என்று சொல்லாதீர்கள். இந்தத் திட்டம் வருவதற்கு முன்னாலும் எந்திரங்கள் பூட்டித்தான் கிடந்தன.

சிப்காட்_ஷிப்டு | 6.44

விமான நிலையம் பற்றி: பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வரக் கூடாது என்று இருக்கிறது. ஆகவே நாளைக்கே யாரும் ஏறப் போவதில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தாத்தா பிழைப்புக்கு பெங்களூருவுக்குக் கல் உடைக்கப் போனவர். நான் ஓசூரிலேயே இருக்கிறேன். தொழில் வந்ததால்தான். அதற்காகக் கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரால் பொங்கும் நுரையையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அது வேறு துயரம்.

நிர்வாகி | 7.15

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கட்சிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு வேறு இடம் நிறைய இருக்கிறது. தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். மஞ்சவாடி காற்று, உங்கள் பதிவை நீக்கவில்லை. கருத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஐவரில்_ஒருத்தி | 8.50

என் பெயருக்கு அர்த்தம் கேட்டுத் தனிச் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஐவரில் நான் ஒருத்தி. ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். ஃப்ளூரைடு சோதனைதான் எனக்குப் பிடித்தது. சின்னக் குழாயில் தண்ணீரை ஊற்றி மருந்து விட்டால் இளஞ்சிவப்பாக இருக்கும். ஃப்ளூரைடு ஏற ஏற ஆரஞ்சாகி, மஞ்சளாகும். அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். முதல்முறை எங்கள் தெருப் போர்த் தண்ணீரை விட்டேன். கண் முன்னால் மஞ்சளாகிவிட்டது, எலுமிச்சம்பழம் மாதிரி. பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டுத் தன் பல்லைத் தொட்டுக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பெட்டி இப்போதும் பரண்மேல் இருக்கிறது. மருந்து தீர்ந்துவிட்டது. நிரப்பித் தரக் கேட்டேன், புதுப் பெட்டி வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்! பெட்டி இருக்கிறது, மருந்துதான் வேண்டும் என்றால் அதற்கு என்ன பெயர் தெரியுமா? தலைப்பு இல்லை.

இன்னும் ஏழெட்டுச் சோதனைக்கு மருந்து மிச்சம் வைத்திருக்கும் தோழி ஒருத்தி எனக்கு இருக்கிறாள். பெரும்பாலைக்காரரே, நீங்கள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். என் அம்மா வீடு அங்கிருந்து இரண்டு ஊர் தள்ளி. புதன்கிழமை வருகிறோம். தொட்டித் தண்ணீர், போர்த் தண்ணீர், ஒகேனக்கல் குழாயில் நேராகப் பிடித்தது, மூன்றையும் தனித்தனி பாட்டிலில் எடுத்து வையுங்கள். பாட்டிலில் பெயர் எழுதுங்கள், இல்லையென்றால் குழம்பிவிடும்.

களி_உருண்டை | 9.20

கிராமச் சுகாதாரத்தில் இருப்பவள் என்பதால் ஒரு சொல். நிரந்தரப் பல்லின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயது வரை உருவாகிறது. அதுவரைதான் கறை படியும் ஆபத்து. பட்ட கறை பிறகு போகாது. ஆகவே ஆறு வயதுக் குழந்தைக்கு இந்த இரண்டு வருடம் முக்கியம். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர், குளிக்கப் போர்த் தண்ணீர் போதும். சாப்பாட்டில் கால்சியம் வேண்டும். 2023-ல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்களே, முதலில் நீலகிரியிலும் நம் தர்மபுரியிலும், அதை வாங்கி மாட்டுக்குப் போடாமல் பிள்ளைக்குக் களி கிண்டிக் கொடுங்கள். அதில் சென்சார் எதுவும் தேவையில்லை.

பெரும்பாலைக்காரன் | புதன், இரவு 9.30

சோதித்தாகிவிட்டது. கோயில் திண்ணையில் வைத்துச் செய்தோம், இருபது பேர் சுற்றி நின்றார்கள். ஒகேனக்கல் குழாயில் நேராகப் பிடித்த தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. போர் மஞ்சள். தொட்டித் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில், மஞ்சளுக்கே கொஞ்சம் அருகில். எங்கள் ஊர் தண்ணீர்க்காரரும் கூட்டத்தில் இருந்தார். யாரும் அவரைத் திட்டக் கூடாது என்று ஐவரில் ஒருத்தி அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் அட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதை ஏன் எனக்கு முன்னமே காட்டவில்லை?"

அவரே ஒரு வழியும் சொன்னார். பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் ஐயாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, பழைய மினி பம்புக்கு வைத்தது. ஒகேனக்கல் தண்ணீர் வரும்போது முதலில் அதை நிரப்பிக்கொள்ளலாம். அதற்குப் போர் இணைப்பே கொடுக்கக் கூடாது. அதிலிருந்து இரண்டு குழாய், குடிக்க மட்டும், வீட்டுக்கு இரண்டு குடம். பெரிய தொட்டியில் அவர் வழக்கம்போல் கலந்துகொள்ளட்டும், அது புழங்க. வேண்டியது நாற்பதடிக் குழாய், ஒரு கேட் வால்வு, இரண்டு பித்தளைக் குழாய், ஒருநாள் பிளம்பர் கூலி.

மாம்பழக்_கணக்கு | 9.52

இதைக் குடிநீர்ப் பணியாகக் கட்டுண்ட நிதியில் செய்யலாம். மனுவை நான் எழுதித் தருகிறேன். "மெம்பிரேன்" என்ற சொல்லே வேண்டாம். "பயன்பாட்டில் இல்லாத தொட்டியை ஒகேனக்கல் குடிநீருக்கு இணைத்தல்" என்று போடுங்கள். அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் தலைப்பு இருக்கும்.

பழைய_பொறியாளர் | வியாழன், காலை 5.50

குழாயைத் தரையோடு போடாதீர்கள், மாடு மிதிக்கும். ஒன்றரை அடி பள்ளம். தொட்டியை முதலில் இரண்டு முறை கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவிட்டு வடியுங்கள். ஒகேனக்கல் குழாய்க்கும் போர்க் குழாய்க்கும் வேறு வேறு நிறம் அடியுங்கள். நாளைக்கு வேறு ஆள் வந்தாலும் தெரிய வேண்டும். ஒகேனக்கல் இரண்டாம் கட்டத்துக்கு 7,000 கோடிக்கு மேல் பேசுகிறார்கள், அது வரும்போது வரட்டும். வந்தாலும் இந்த இரண்டு நிறம் வேண்டியிருக்கும்.

மஞ்சவாடி_காற்று | 8.10

அப்படியென்றால் பல லட்சத்தில் வாங்கிய ஆர்.ஓ. எந்திரம்?

பெரும்பாலைக்காரன் | 8.14

குளவி பார்த்துக்கொள்ளும்.

மனு கொடுத்தாகிவிட்டது. கையெழுத்துக்கு இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். ஊரில் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் போட்டுக் குழாய் வாங்கிவிட்டோம், யாரும் முணுமுணுக்கவில்லை. கேட் வால்வு மட்டும் இரண்டு அங்குலம் வேண்டும். கடையில் விலை கேட்டேன், கொஞ்சம் அதிகம். யாரிடமாவது பழையது கிடந்தால் சொல்லுங்கள்.

பாலக்கோடு_கேன் | 8.40

என்னிடம் ஒன்று இருக்கிறது. இரண்டு அங்குலம், பித்தளை, கசியாது. ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் வந்தால் கடையில் இருப்பேன்.

பெரும்பாலைக்காரன் | 8.43

அண்ணா, எங்கள் ஊருக்கு நீங்கள்தானே கேன் போடுகிறீர்கள்?

பாலக்கோடு_கேன் | 8.51

ஆமாம். கைப்பிடி மட்டும் உடைந்திருக்கிறது, அதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.